மேடான் மாப்பிள்ளையின் கட்டு

மேடானில் மர்சூக்கின் சம்பளம் பல வருஷமாக ஒரு சதம்கூட ஏறவில்லை. ஆனாலும் காத்தான்குடியில் அவன் வருஷத்துக்கு வருஷம் பணக்காரனாகிக்கொண்டே வந்தான்.

இங்கிலீஷ்காரனின் பவுண் நாணயம் தங்கத்தோடு இருந்த பிணைப்பை விட்டுச் சரிந்தபோது, அதோடு கட்டுண்டிருந்த நமது ரூபாயும் சேர்ந்து சரிந்தது. ஒல்லாந்துக்காரன் மட்டும் தங்கத்தை விடவில்லை. சுமாத்திராத் தீவின் மேடானில் அவனுடைய கடையில் துணி அளந்த மர்சூக்கின் சம்பளக் காசான ஒல்லாந்துக் கில்டர், ஊரில் ஒரு ரூபாய்ச் சொச்சத்திலிருந்து ஒன்றேமுக்கால் ரூபாயையும் தாண்டிவிட்டது. கையை அசைக்காமல் பெரிய மனிதனாவது எவருக்குத்தான் கசக்கும்?

1936-ல், சேமித்த ஆயிரம் கில்டரை மெழுகுசீலையில் பொதிந்து தைத்துக்கொண்டு ஊர் வந்தான். கடைத்தெருவில் சொந்தக் கடை போட வேண்டும், இனிக் கப்பல் ஏறக் கூடாது. அது ஒன்றுதான் அவன் ஆசை.

ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை இருப்பது பெண் வீட்டில். மாமனார் பக்கீர் சேலைக் கடைக்காரர். கட்டைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவி இரண்டு, ஆளுக்கொன்று.

"ரூபாயா மாத்திப்போடுவமா மருமகன்?" என்று அடிக்கடி கேட்பார்.

"இன்னும் ஏறும் மாமா. ஒல்லாந்துக்காரன்ட தங்கம் அசையாது."

"உங்கட காசு, உங்கட விருப்பம்" என்று பக்கீர் வெற்றிலையை மடித்துக்கொள்வார். உலகம் தெரியாத மனிதர் என்று மர்சூக் இரக்கப்படுவான்.

செப்டெம்பர் முடிந்த கையோடு விலை விசாரிக்கக் கல்லடிப் பாலம் தாண்டிப் பட்டணம் போனான். காசு மாற்றும் செட்டியார் அவனை உட்காரக்கூட விடவில்லை.

"ஒல்லாந்துக்காரனும் தங்கத்தை விட்டுட்டான் தம்பி. கில்டர் இப்ப ஒன்றரை ரூபாய்க்கும் கீழே."

 திரும்பி வரும் வழியில் மர்சூக்குக்கு ஒரு யோசனை பிறந்தது. மாப்பிள்ளையின் பொருள் பெண் வீட்டில் காணாமல் போனால் குடும்பத்துக்கே மானக்கேடு. மாமா எப்பாடுபட்டாவது ஈடு கட்டுவார். விலை விழுந்த செய்தி அவருக்கு எட்டுவதற்குள் காரியம் முடிந்தால் பழைய விலை கிடைக்கும், கட்டும் கையில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை பெண்கள் கலியாண வீட்டுக்கும் ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்கும் போயிருந்தார்கள். மர்சூக் பூட்டை உடைத்தான். கட்டைத் தையல் பிரிக்காமல் எடுத்துக் கோழிக்கூட்டின் அடியில் புதைத்தான். பிறகு பள்ளிவாசலுக்கு ஓடிக் கடைசி வரிசையில் நின்று, எல்லாரையும்விட உருக்கமாகத் தொழுதான்.

வீடு திரும்பி அவன் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. மனைவி ஸஹீதா அழுதாள். ஊர் அதிகாரியான விதானையார் கச்சி முகம்மது உடைந்த பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கீர் வெறும் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க மர்சூக்குக்கே ஒரு கணம் வெட்கமாக இருந்தது.

"பொலிசுக்கு எழுத வேணாம் விதானையார்" என்றார் கடைசியில். "என்ட வீட்டுல துலைஞ்ச பொருள். நானே கட்டுறன்."

"ஆயிரம் கில்டர் மாமா!" என்று விம்மினான் மர்சூக். "ஒண்டேமுக்கால் ரூபாய்க் கணக்குப் பார்த்தா..."

"அது போன மாசத்து விலை மருமகன். கொழும்புப் பேப்பர் நம்மட கடைக்கும் வருகுதுதானே. இண்டைய விலைக்குத் தாறன்."

மாமாவுக்கு உலகம் கொஞ்சம் தெரிந்துதான் இருந்தது. போகட்டும் என்று மர்சூக் மனதைத் தேற்றிக்கொண்டான். விலை குறைந்தாலும் கோழிக்கூட்டின் அடியில் இன்னோர் ஆயிரம் கில்டர் இருக்கிறதே!

விதானையார் முன்னிலையில் பக்கீர் அப்போதே ரூபாயைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு சேலைக் கடைக்காரர் வீட்டில் இவ்வளவு ரொக்கமா என்று ஊர் வாய் பிளந்தது.

மறுநாள் ஆளில்லாத நேரம் பார்த்து மர்சூக் கட்டைத் தோண்டி எடுத்துத் தையலைப் பிரித்தான். மாமாவின் கடையில் சேலை சுற்றிக் கொடுக்கும் மஞ்சள் தாள்தான் உள்ளே இருந்தது. கில்டர் நோட்டின் அளவுக்கு அழகாகக் கத்தரித்து அடுக்கியிருந்தார்கள்.

கில்டரை நல்ல விலை இருந்தபோதே ரூபாயாக்கிக்கொண்டு, விழுந்த விலைக்குத் திருப்பிக் கொடுத்த மாமாவைப் பற்றி விதானையாரிடம் முறையிடலாம்தான். ஆனால் களவு போன கட்டு தன் கைக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டுமே!