மோட்டார் போட்டாச்சுப்பா

வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வயலிலும் வேண்டிய மட்டும் நின்றது. ஆனாலும் பஞ்சநதம், "மறுபடியும் மோட்டாரைப் போடுங்க தம்பி" என்றார்.

மோட்டாரை இயக்கும் பெட்டி படுத்துவிட்டது என்று அவர் கூப்பிட்டதால்தான் பாபநாசத்திலிருந்து புரோகிராமர் ஜெக்கரியா வந்திருந்தான். எரிச்சலை அடக்கிக்கொண்டு செல்லைத் தட்டினான். மோட்டார் ஓடியது. பெட்டி 'பீப்' என்றது.

"அவ்வளவுதானா? பேசாதா?"

"இனிமே செல்லுக்கே மெசேஜ் வந்துடும்ங்க ஐயா. பழைய புரோகிராம் எழுதின லாங்குவேஜையே மாத்திட்டாங்க. புது வெர்ஷன்ல எங்களுக்கு வேலை ரொம்பச் சுலபம். ஆனா ஒலி வர்ற பகுதியை அதுலேர்ந்து தூக்கிட்டாங்க. பெட்டி தானா அப்டேட் ஆனதும் பழசு ஓடலை. நான் புதுசா எழுதிட்டேன்."

"ஓடிக்கிட்டிருந்ததை ஏன் மாத்தணும்?"

நியாயமான கேள்விதான். எந்த புரோகிராமர் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறான்? ஜெக்கரியா பேச்சை மாற்றினான்.

"உரிமையாளர் பேர் போடணும். பட்டா யார் பேர்ல இருக்கு?"

"மகன் பேர்ல. போன வருஷம் மொத்தத்தையும் அவனுக்கே எழுதிட்டேன்." குரல் இறங்கியது. "பழைய புரோகிராம் என் மக அம்சவல்லி எழுதினது. காலேஜ்ல படிக்கிறப்போ. மோட்டார் ஓடினா, 'மோட்டார் போட்டாச்சுப்பா'ன்னு அவ குரல்லயே சொல்லும். தண்ணி வேணுமோ வேண்டாமோ, தினம் போட்டுக் கேப்பேன்."

ஜெக்கரியா பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஐயா, பெட்டியோட மெமரி கார்டுல இருந்த பழசையெல்லாம் அழிச்சுட்டுத்தான் புதுசை ஏத்தினேன்."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"முடியாதுங்க."

பஞ்சநதம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழித்திருக்கக் கூடாதா என்று ஜெக்கரியா தன்னையே திட்டிக்கொண்டான்.

அவர் பக்கத்தில் குந்தினான். "மன்னிச்சிடுங்க ஐயா. தெரியாமப் பண்ணிட்டேன். அவங்க எப்போ தவறினாங்க?"

பஞ்சநதம் நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கா தம்பி, அடுத்த தெருவுல. பத்திரம் எழுதின நாளோட எங்கிட்டப் பேச்சை நிறுத்திட்டா."