ஒன்றுக்கு இரண்டு குறி

"நகருடா, உன் ஒருத்தனால எல்லாமே நிக்குது" என்று கத்தினான் மீட்பான்.

கணினி இயக்க முறைமையின் மையமான கெர்னலுக்குள், நினைவகத்தைக் கவனிக்கும் வரிகளை நிரலாளர்கள் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நினைவகப் பக்கங்களைத் திரும்ப எடுக்கும் மீட்பான் உட்பட எல்லா வரிகளும் புதுக் கோப்புகளுக்குக் குடிபோய்விட்டன. அந்தப் பக்கங்களை நிரல்களுக்குத் தரும் கொடுப்பான் மட்டும் அசையவில்லை.

ஒரு பக்கத்தை எத்தனை நிரல்கள் வைத்திருக்கின்றனவோ அத்தனை குறிகள் அதன்மேல் இருக்க வேண்டும். குறிகள் தீர்ந்தபிறகுதான் மீட்பான் அதைத் திரும்ப எடுக்கலாம். அவனுடைய அவசரத்துக்குப் பயந்து கொடுப்பான் எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகக் குறி போடுவான். அதைக் கண்டுகொண்ட மீட்பானும், ஒரு நிரல் விலகும்போதெல்லாம் சத்தமில்லாமல் இரண்டிரண்டாக அழித்துவந்தான். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒருவழியாகக் கொடுப்பான் நகர்ந்தான். "இனிமே ஒரு நிரலுக்கு ஒரே குறிதான். கூடுதலை எடுத்தாச்சு."

மீட்பான் கணக்குப் போட்டுப் பார்த்தான். இரண்டு நிரல்கள் பகிரும் பக்கத்தில் ஒன்று விலகினாலே இரண்டு குறிகளையும் அழித்துவிடுவான். மற்றது எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைப் பிடுங்கிவிடுவான். இயந்திரமே முடங்கிவிடும்.

"ஐயோ, அவங்களை நிறுத்தச் சொல்லுடா! நான் ரெண்டா அழிக்கிறவன்!"

"தெரியும். முதல்ல உன்னைத் திருத்தட்டும்னுதானே காலையிலேருந்து அசையாம உட்கார்ந்திருந்தேன்? உன் வரியைப் பாருடா, மண்டு."

மீட்பான் பார்த்தான். இரண்டு இருந்த இடத்தில் ஒன்று இருந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கத்துறதை நிறுத்தினாத்தானே சொல்ல!"

பகிர்ந்த பக்கம் ஒன்றிலிருந்து ஒரு நிரல் விலகியது. மீட்பான் போய் ஒரு குறியை அழித்தான். இன்னொன்று இருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தைத் தொடாமல் திரும்பி வந்தான்.