நாலாவது திசை

மாமியாருக்கு மாடி கட்டினால் வீட்டு மர உத்தரம் தாங்குமா என்று லேப்டாப்பில் கணக்குப் போட்டாள் பொறியாளர் மருமகள். தாங்காது என்று வரவேண்டும் என்பதே அவள் வேண்டுதல். மரத்தின் வலிமையை மூன்று திசைக்கும் தனித்தனியாக ஏற்றினாள்: நாரின் நீளவாக்கில், நடுவிலிருந்து வெளியே, மரத்தின் ஆண்டு வளையத்தையொட்டி. நாலாவதாக ஒரு வரி தானே வந்து நின்றது. அழித்தாள், திரும்ப வந்தது.

“யாருங்க இதைத் தொட்டது? மரத்துக்கு ஏது நாலாவது திசை?”

“மாடி கேட்டது மட்டும்தாம்மா நான்,” என்றான் கணவன், நல்லபிள்ளையாக.

பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியோடே கணக்கை ஓட்டினாள். திரையில் வரைந்திருந்த வீட்டின் உத்தரம் கீழே வளையவில்லை. அறையில் அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக வளைந்தது. நாற்காலியை வெடுக்கென்று எதிர்ச்சுவரோரம் இழுத்துப்போட்டு மறுபடி ஓட்டினாள். இப்போது அந்தப் பக்கமாக வளைந்தது.

“என்ன, நக்கலா?” என்று சீறி நிமிர்ந்தாள்.

உத்தரத்தில் தொங்கிய விளக்கு, காற்றே இல்லாமல், அவள் பக்கமாகச் சாய்ந்து நின்றது.