பதினோராவது முதுகு

"சட்டையைக் கழட்டுப்பா" என்றார் டாக்டர் ஹம்சவேணி.

சோலை கழற்றிவிட்டுத் திரும்பி நின்றான்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவன் முதுகைப் பார்த்தார். வெளிச்சம் போதாமல் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். விரலால் அங்கங்கே அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார்.

வலிக்கிறது என்றான் சோலை. ஆனால் வலியை எழுதுவதற்கு நீதிபதி கேட்டிருந்த படிவத்தில் இடம் இல்லை.

அவன் மனைவி மலையம்மாள் சுவரோரம் நின்றிருந்தாள். பெஞ்சில் இடம் இருந்தும் அவள் காலையிலிருந்து உட்காரவே இல்லை.

இது பதினோராவது முதுகு. முந்தைய பத்துக்கும் டாக்டர் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார். குறிப்பிடும்படியான காயம் எதுவும் இல்லை.

பத்தொன்பது நாளைக்கு முன்னால், கல்லுப்பட்டிக்குத் தெற்கே இருக்கும் அவர்கள் தெருவுக்குள் விடியற்காலையில் போலீஸ் புகுந்தது. முந்தின நாள் மெயின் ரோட்டில் யாரோ பஸ் மீது கல்லெறிந்திருந்தார்கள். எறிந்தவனைத் தேடி வந்தவர்கள், கையில் சிக்கிய ஆம்பளைகளையெல்லாம் தெருவில் போட்டு அடித்தார்கள். பிறகு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். எலும்பு முறியாமல் அடிக்கத் தெரிந்தவர்கள்.

இப்போது கேட்டால், அந்தத் தெருப்பக்கமே நாங்கள் போகவில்லை என்கிறார்கள்.

திரும்பி வந்த பதினோரு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. ஊர் முக்கில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. அதனால் மலையம்மாள்தான் பார்த்தாள். மாடு முட்டினாலும் மரத்திலிருந்து விழுந்தாலும் அந்தத் தெரு அவளிடம்தான் வரும்.

நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். புளியும் உப்பும் மஞ்சளும் கொதிக்க வைத்து, கை பொறுக்கிற சூட்டில் பத்துப் போட்டாள். தோல் பிளந்த இடத்தில் வேப்பெண்ணெய். புருசனுக்கு மட்டுமில்லை, பதினோரு பேருக்கும். குப்புறப் படுத்துக் கிடந்த காளை என்ற பையன் நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தபோது, உன் கை சாமி கை என்று அவன் அம்மா அழுதாள். மலையம்மாளுக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நீதிபதி விசாரணைக்கு இரண்டு முறை வாய்தா போட்டார்கள். காயம் வாய்தாவுக்காகக் காத்திருக்கவில்லை.

பழங்காநத்தத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீல் வெங்கடேஷ்பாபு, தானாக ஊர் தேடி வந்து, போலீஸ் அடித்ததென்று இவர்களுக்காகக் கோர்ட்டில் மனு போட்டவர். நல்ல மனுசன். காலையில் முதல் முதுகைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்கள யாரும்மா மருந்து போடச் சொன்னது?"

அடிபட்டுக் கிடக்கிறவனுக்கு மருந்து போட யார் சொல்ல வேண்டும்? ஆனாலும் அந்தக் கேள்வி அவளைத் தின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு முதுகாக வெளியே போகப் போக, அவளுக்குத் தன் கை மேலேயே ஆத்திரம் வந்தது. இம்புட்டு வேகமாகவா ஆற்றித் தொலைக்க வேண்டும்?

வாசலில் ஸ்டேஷன் ஏட்டு ஒருவர் நின்றிருந்தார். பாதுகாப்புக்காம். வேர்க்கடலையை உடைத்து வாயில் போட்டபடி சோலையின் முதுகை எட்டிப் பார்த்தார்.

"எப்படியும் அந்த ரோட்லதானடா வீட்டுக்குப் போகணும்" என்றார், டாக்டர் காதில் விழாதபடி.

மலையம்மாளின் காதில் விழுந்தது. பதினோரு தாளும் நீதிபதியின் மேஜைக்குப் போய்விட்டால், அடியே விழவில்லை என்று ஆகிவிடும். அதற்கப்புறம் போலீஸ் மறுபடியும் வருவதற்குக் கல் எறிந்தவன்கூடத் தேவைப்படாது.

டாக்டர் பெருமூச்சு விட்டார். அவர் பொல்லாதவர் இல்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தான் நான் எழுத முடியும், இந்தத் தடம் லத்தி அடியா, மூட்டை தூக்கியதா என்று எப்படிச் சொல்வது என்று வக்கீலைப் பார்த்துக் கேட்டார்.

கிளார்க் கார்பனைச் செருகி, டைப்ரைட்டரில் தாளை ஏற்றினார். பத்து முறை அடித்த வரி அவருக்கு மனப்பாடம். டாக்டர் சொல்வதற்குள் விரல்கள் தயாராக இருந்தன.

மலையம்மாள் சுவரை விட்டு முன்னால் வந்தாள். ஒருமுறை சோலையைப் பார்த்தாள்.

"அம்மா, ஆம்பளைக எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க."

டைப்ரைட்டர் நின்றது. வக்கீல் ஏதோ கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். கிளார்க்கும் எழுந்தார். ஏட்டு மெல்லுவதை நிறுத்தினார். அவரை டாக்டர் கையைக் காட்டியே வெளியே அனுப்ப வேண்டியிருந்தது.

சோலை சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி அங்கேயே நின்றான். அவள் சொன்னது தனக்கில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"நீயுந்தான்யா. போ" என்றாள்.

அவன் போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அன்றைக்கு அவனை ஜீப்பில் ஏற்றிய பிறகு, இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டுக்குள் திரும்பி வந்தார்கள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒற்றை அறை வீட்டில் அவிழ்த்துப் பார்த்துத் தனக்கு மருந்து போட மறைவு ஏது? சோலை பார்த்தால் கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டும்.

மலையம்மாள் டாக்டரின் முன்னால் போய்ச் சேலையை உயர்த்தினாள்.

பத்தொன்பது நாளாகியும் தொடையில் ஒரு காயம்கூட ஆறவில்லை.