சேவல் ஏரியில இறங்கின காரணம்

சேவல் கதைன்னதும் நான் கூவிக் காட்டுவேன்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. கூவ மாட்டேன். அன்னைக்கு அந்தச் சேவலே கூவல.

எருமை வால்ல பனைமட்டையைக் கட்டி, அதுமேல நின்னுக்கிட்டே ஏரியோரமா ஒரு சுத்து வரேன், எல்லாரும் பாருங்கன்னு கோழிங்ககிட்ட சொல்லிட்டுப் போச்சு. பாதி வழியில எருமை, அதோட வழக்கப்படி, தண்ணியில படுத்துருச்சு. சேவல் தலைகுப்புற விழுந்துச்சு.

இனி கரைக்கு நடந்துதான் வரணும். றெக்கையெல்லாம் உடம்போட ஒட்டி, சேவல் பாதியாகிப் போச்சு. கொண்டையில பாசி. கோழிங்க முகத்துல எப்படி முழிக்கிறது? சேத்துலருந்து ஒவ்வொரு காலா பிடுங்கி வச்சு, அடிக்கு ஒரு காரணம் யோசிச்சுக்கிட்டே வந்துச்சு.

கரையேறினதும் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "யாரும் தப்பா நினைக்காதீங்க. நான் விழல. ஆழம் பாக்க நானாத்தான் குதிச்சேன்"னு சொல்லுச்சு.

முதுகைக் காட்டிக்கிட்டுக் கறையான் புத்தைக் கிளறிக்கிட்டிருந்த கோழிங்க அப்பத்தான் திரும்பிப் பாத்துச்சுங்க.

பக்கத்துல அசை போட்டுக்கிட்டிருந்த ஆடு சொல்லுச்சு: "அண்ணே, நீங்க கிளம்பினதுலருந்து இதுங்க தலையே நிமிரல. நீங்க விழுந்தது, இப்ப நீங்க சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்."