ஜனவரியில் கோடை

மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.

வெர்னா பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, கருவிப் பையோடு நேரே நிலவறைக்கு இறங்கினார். அறுபதை நெருங்கும் பெண். கனடாவின் ரெஜைனா நகரில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்களைப் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில்.

வெளியே மைனஸ் முப்பத்திரண்டு. பத்து நாளாக ஃபர்னஸ் ஓயாமல் ஓடுகிறது. வீட்டுக் காற்று வறண்டு என் உதடு வெடித்துவிட்டது; மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது. தலையணை உறையெல்லாம் ரத்தக் கறை.

ஃபர்னஸின் காற்றுக் குழாயில் ஒரு பெட்டி உண்டு. சூடான காற்றில் ஈரம் கலந்து வீடு முழுக்க அனுப்புவது அதன் வேலை. நான் இங்கே வாழ வந்து மூன்று குளிர்காலம். ஒரு நாளும் அது ஓடியதில்லை.

"அது செத்துப்போச்சு, பார்ட்ஸ் கிடைக்காதுன்னு என் வீட்டுக்காரர் சொல்றார்," என்றேன்.

வெர்னா மூடியைக் கழற்றினார். தண்ணீரில் ஊறவேண்டிய சல்லடை சுண்ணாம்புக் கட்டியாக இறுகிக் கிடந்தது. அதை உருவி வாளியில் போட்டார். தண்ணீர் சொட்டும் துளையை ஊசியால் குத்தி அடைப்பெடுத்தார். புதுச் சல்லடையைச் செருகினார்.

ஸ்விட்சைத் திருப்பியதும் பெட்டி 'டிக்' என்றது. ஆனால் தண்ணீர் வரவில்லை.

"சாகல," என்றார். "மூடி வச்சிருக்கு."

தண்ணீர் வால்வு இறுக்கி மூடியிருந்தது. திறந்தார். பிறகு டார்ச்சை மேலே பிடித்தார். காற்று வழியைத் திறந்து மூடும் சின்னக் கைப்பிடி, 'கோடை' என்ற எழுத்துக்கு நேரே நின்றது.

அக்டோபரில் ஃபர்னஸைச் சோதிக்க வந்த ஆள் அதைக் 'குளிர்' பக்கம் திருப்பிவிட்டுப் போனதை நான் பார்த்தேன். அது தானாகத் திரும்பாது.

எனக்குக் காது சூடாகிவிட்டது.

மாடியில் இருப்பவை என் கணவர் லோர்ன் தன் கையால் செய்த ஓக் மர ஜன்னல்கள். காற்றில் ஈரமிருந்தால் கண்ணாடியில் நீர் கோத்துச் சட்டத்தில் வழியும்; மரம் கெடும். ஒருமுறை அதை அவர் சட்டைக் கையாலேயே துடைத்தார். என் மூக்கை அவர் துடைத்ததில்லை.

வெர்னா கைப்பிடியைத் திருப்பினார். "நான் போனதும் மறுபடி திருப்புவான்."

"திருப்ப முடியாம பண்ணுங்க."

பையிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்தவர், டிரில்லை என்னிடமே நீட்டினார். "கோடை வந்ததும் கூப்பிடு, கழட்டித் தரேன்."

ஸ்க்ரூவைக் கைப்பிடியோடு சேர்த்துத் தகரத்தில் இறக்கினேன்.

சத்தம் கேட்டு லோர்ன் இறங்கி வந்தார். பாதிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"நீ இங்க எதுக்கு வந்த?"

என்னைக் கேட்கவில்லை. வெர்னாவைக் கேட்டார்.

"பதினோரு வருஷம் இதே வீட்டுல எனக்கும்தான் ரத்தம் வந்துச்சு, லோர்ன். என்கிட்டயும் செத்துப்போச்சுன்னுதான் சொன்ன."

லோர்னுடைய பழைய முகவரிப் புத்தகத்தில் எண்ணைத் தேடி எடுத்து, அவருடைய முதல் மனைவியைக் கூப்பிட்டது நான்தான்.

"அவள முதல்ல போகச் சொல்லு," என்றார் லோர்ன்.

"காபி குடிச்சிட்டுத்தான் போவாங்க," என்றேன்.