பன்னிரண்டாம் எண்ணின் பின்பாதி

அன்று போலந்து நாட்டு எஞ்சின் கொட்டகை ஒன்றில் வேலையாட்களைத் தவிர இருந்தவர்கள் நான்கு பேர்: பன்னிரண்டாம் எண் சரக்கு மின் எஞ்சினின் முன்பாதி, அதன் பின்பாதி, இருபத்தாறாம் எண்ணின் பின்பாதி, கூரையில் ஒரு புறா.

பன்னிரண்டின் இரு பாதிகளும் முதுகோடு முதுகு ஒட்டி முப்பத்தெட்டு வருஷம் நிலக்கரி இழுத்தவை. போன வாரம் பின்பாதியின் மோட்டார்கள் கருகிவிட்டன. இருபத்தாறின் முன்பாதியோ மோதி நொறுங்கிப் போயிருந்தது. மிஞ்சிய நல்ல பாதிகளைச் சேர்த்து ஒரே எஞ்சினாக ஓட்டுவது அந்தக் கொட்டகையின் வழக்கம்.

இணைப்பைக் கழற்றும்போது முன்பாதி, "இத்தனை வருஷமும் தள்ளாமல் தூங்கிக்கொண்டே வந்தவன்தானே நீ? இனி நிம்மதியாகத் தூங்குடா," என்றது.

பின்பாதி சண்டைக்குப் போகவில்லை, அலுப்பாக இருந்தது. புதியவனிடம் மட்டும் சொன்னது: "தம்பி, ஏற்றத்தில் இவனுக்குச் சக்கரம் வழுக்கும். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டான். நீ பேசாமல் தள்ளிவிடு."

ஆட்கள் புதியவன் மேல் பன்னிரண்டு என்று எழுதினார்கள். எஞ்சின் புறப்பட்டுப் போயிற்று.

"எங்கள் வகையில் ஐம்பது பேர் வந்தோம். இப்போது எத்தனை மிச்சம்?" என்று பின்பாதி கேட்டது.

"ஒன்பது," என்றது புறா.

புறா குனிந்து பின்பாதியைப் பார்த்தது. பிறகு முதலிலிருந்து மறுபடி எண்ணியது.

"ஒன்பதரை."